கல்வராயன் மலைக்கு ஊசி ஏறிய கதை

கருணாபுரம் என்ற பெயர் 2024 ஜூன் வரைக்கும் கள்ளக்குறிச்சி டவுனைத் தாண்டிப் பலருக்குத் தெரியாது. இப்போது வெளியூர் உறவுக்காரர்களிடம் பேசினால், "அந்தக் கருணாபுரமா?" என்று ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் மேலே பேசுகிறார்கள். ஆமாம், அதே கருணாபுரம்தான். விஷச் சாராயத்தைப் பற்றி எழுதுவதற்கு நிறையப் பேர் வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால் இதே தெருக்களிலும் மேலே மலையிலும் நடந்த இன்னொரு காரியத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. கொரோனா தடுப்பூசியைச் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஊராட்சி ஒன்றியத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளர் ஆகி, 2008-ல் ஓய்வு பெற்றவன். துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், கிணறு, வேலி, வெள்ளையடிப்பு என்று வந்த கோப்புகளைப் பார்த்த அனுபவம் உண்டு. எந்தத் தலைப்பில் பணம் வரும், எதற்கு வராது, எதற்குத் தணிக்கைத் தடை விழும் என்பது தெரியும். ஆகவே இந்தக் கதையைக் கொஞ்சம் கணக்குப்பிள்ளைக் கண்ணோடுதான் சொல்ல முடியும்.

முதலில் பழைய கதை. எங்கள் வயதுக்காரர்கள் சட்டைக் கையை மடக்கிப் பாருங்கள். தோளுக்குக் கீழே வட்டமாக, காசு பதித்த மாதிரி தழும்பு இருக்கும். அம்மை குத்தின தழும்பு. அந்த நாளில் அதற்குத் தடுப்பூசி என்று பெயர் இல்லை. 'அம்மை குத்துறது', 'பால் குத்துறது' என்பார்கள். ஸ்பிரிட் விளக்கில் கருவியைக் காட்டி, ஆறவைத்து, மருந்துச் சொட்டின் மேல் வைத்து ஒரு திருகு திருகுவார் அந்த ஆள். அவர் ஊர் எல்லைக்கு வந்துவிட்டார் என்று சேதி வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். என் அத்தையை அப்படித்தான் ஒளித்தார்களாம். அவருக்கு ஏழு வயதில் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தார், முகமெல்லாம் குழி. கடைசி வரை கல்யாண வீடுகளில் பின்வரிசையில்தான் உட்காருவார்.

நான் படித்தது அம்மா வீட்டில், புதுச்சேரியில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். (அந்தச் சான்றிதழை இங்கே அரசு வேலைக்கு ஒப்புக்கொள்ள வைக்கப் பட்ட பாட்டுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் இரண்டு சொல் எழுதுவார். பசு மாட்டுக்கு 'வாஷ்'. தடுப்பு மருந்துக்கு 'வாக்ஸேன்'. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர். மாட்டம்மையின் பாலிலிருந்து மனிதனுக்கு வந்த மருந்து என்பதால் அந்தப் பெயர். பிறகு பாஸ்தரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் ஊசி போட்ட கதையை அவர் சொன்னால் வகுப்பில் மூச்சுச் சத்தம் கேட்காது. அப்புறம் கால்மெத், கெரேன். குழந்தை பிறந்ததும் போடுகிறார்களே பி.சி.ஜி., அதில் உள்ள 'சி'யும் 'ஜி'யும் இந்த இருவரின் பெயர்கள். லில் நகரத்துப் பாஸ்தர் நிலையத்தில் வருடக்கணக்கில் உழைத்து உண்டாக்கியது. 1921-ல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 2021-ல், கள்ளக்குறிச்சியில் நான் கொரோனா ஊசிக்கு வரிசையில் நின்றேன்.

நம் ஊரில் ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை மருந்தில் இல்லை, நம்பிக்கையில் இருந்தது. 1802-ல் அம்மைப்பால் பம்பாய் வந்து அதே வருடம் சென்னைக்கும் வந்துவிட்டது. வேப்பிலை கட்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஜனங்களிடம் இதை எப்படிச் சொல்வது? சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, திருக்குறளுக்கு உரை எழுதினாரே அவர்தான், ஒரு வழி பார்த்தார். சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கிற உரையாடலாக ஒரு கதையைத் தமிழில் எழுதினார். பசுவின் அம்மைப்பால் தேவியே இரங்கிக் கொடுத்த வரம் என்பது கதையின் சாரம். அதை எத்தனை பேர் படித்து மனம் மாறினார்களோ, போகட்டும். ஊசியை அனுப்பினால் மட்டும் போதாது, ஜனங்களிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பிக்கையின் வழியாகத்தான் அது போக வேண்டும் என்று அந்த மனிதருக்கு 200 வருடம் முன்பே தெரிந்திருக்கிறது.

படித்தவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 1948-ல் பி.சி.ஜி. இந்தியாவுக்கு வந்து, கிண்டியில் அதற்கென்றே ஆய்வுக்கூடமும் ஏற்பட்ட பிறகு, 1955-ல் ராஜாஜியே அதை எதிர்த்து எழுதினார். ஆகவே தடுப்பூசிக்குப் பயப்படுகிறவன் என்றால் மலைக்காரன்தான், படிக்காதவன்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி மலைக்கு வருவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமாகப் போய், வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி, அந்தப் பக்கம் சேலம். சாமை, மரவள்ளி, கடுக்காய், தேன். மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை இது. நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. மலைக்காரர்களைக் கேட்டால் எங்களுக்கு 1976-ல்தான் சுதந்திரம் என்பார்கள். அந்த வருடம்தான் ஜாகீர்தார் பிடி முற்றாக விட்டு, அரசாங்க நிர்வாகம் மேலே ஏறியது.

அந்த 1976 என்ன காலம் என்று நினைவிருக்கிறதா? நெருக்கடி நிலைக் காலம். இந்தியாவில் பெரியம்மை அதற்கு முந்தைய வருடமே ஒழிந்துவிட்டது. ஆக, அரசாங்கத்தின் அம்மை ஊசி முறையாக மலை ஏறுவதற்குள் அம்மையே போய்விட்டது. அந்தச் சமயம் எல்லா அலுவலகத்துக்கும் கொடுத்திருந்த இலக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். நான் வேலையில் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. கிராம சேவக், ஆசிரியர், எழுத்தர் என்று யாரையும் விடவில்லை, "உங்கள் பங்குக்கு எத்தனை கேஸ்?" என்று கேட்டார்கள். வடக்கே நடந்த அளவு கொடுமை இங்கே இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் போய்விடுகிற பழக்கம் பல ஊர்களில் அப்போது வந்ததுதான். அரசாங்கம் என்றால் ஜீப், ஜீப் என்றால் ஆபரேஷன். 45 வருடம் கழித்து, 'கொரோனா ஊசி போட்டால் ஆண்மை போய்விடும், பிள்ளை பிறக்காது' என்ற வதந்தி வாட்ஸப்பில் வந்தபோது இது எங்கிருந்து முளைத்தது என்று இளைஞர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மலைக்கு வைத்தியம் உண்மையில் போய்ச் சேர்ந்தது எப்படி? 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பு வந்தது. ஒரு பிளாக்குக்கு ஒன்று. அதை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்ய முடியும்? 1973-ல் கர்த்தார் சிங் குழு என்று ஒன்று ஒரு நல்ல காரியத்தைச் சொன்னது. மலேரியாவுக்கு ஒருவர், அம்மை குத்த ஒருவர், குடும்ப நலத்துக்கு ஒருவர் என்று ஒரே வீட்டுக்கு மூன்று பேர் போவதை விட்டு, எல்லாவற்றையும் பார்க்கும் ஒரே பணியாளரை ஒரு சிறு பகுதிக்குப் போடு என்றது. அந்த வழியில் வந்தவர்தான் நாம் நர்சம்மா என்று கூப்பிடுகிற கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்று விதி.

நர்சம்மா எங்கே தங்குவது? வாடகை வீட்டில், ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணையில். அப்போதுதான் டேனிடா வந்தது. டென்மார்க் தேசத்து உதவி நிறுவனம். 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அவர்கள் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் சேலமும் நம் தென்னார்க்காடும். கல்வராயன் மலை இந்த இரண்டிலும் கால் வைத்திருக்கிற மலை. துணை நிலையத்துக்குக் கட்டடம், அதிலேயே செவிலியர் குடியிருப்பு, பயிற்சி. 'டேனிடா கட்டடம்' என்று ஜனங்கள் இடத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் "டேனிடா ஸ்டாப்" என்று ஒருவர் கேட்டு, கண்டக்டர் டிக்கெட் கிழித்ததை நானே பார்த்திருக்கிறேன். நம் பணம் இல்லை, எங்கோ பனி பெய்கிற ஊர்க்காரன் கட்டிய வரிப்பணம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் உண்டு, ஒரு நன்றியும் உண்டு.

1978-ல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம், 1985-ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம். இந்த 1985-தான் முக்கியம். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் குளிராகவே இருக்க வேண்டும். சென்னையில் கிளம்பி, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையத்து ஐஸ் பெட்டி, அங்கிருந்து நர்சம்மா தோளில் தொங்கும் நீலப் பெட்டி வரைக்கும் ஒரு கண்ணியும் விடக்கூடாது. இந்தச் சங்கிலியைக் கட்டியது அந்தத் திட்டம். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். நாற்பது வருடமாக அந்தப் புதன்கிழமை மாறவில்லை. முதலமைச்சர்கள் மாறினார்கள், தென்னார்க்காடு 1993-ல் பிரிந்து விழுப்புரம் வந்தது, 2019 நவம்பர் 26-ல் விழுப்புரம் பிரிந்து கள்ளக்குறிச்சி வந்தது. புதன்கிழமை மட்டும் அப்படியே இருந்தது.

போலியோ சொட்டு மருந்து 1995-ல் நாடு முழுக்கத் தொடங்கியது. 2011 ஜனவரியில் வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே இந்தியாவின் கடைசி கேஸ். அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை.

2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். பெரிய அறிக்கைகளில் அது ஒரு வரி. ஆனால் எழுத்தனுக்கு அது புரட்சி. ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் வருடம் 10,000 ரூபாய், இன்ன தலைப்புக்கு என்று கட்டுப்பாடு இல்லாமல். நர்சம்மாவும் ஊராட்சித் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட்டு வங்கியில் எடுக்கலாம். அதற்கு முன் ஒரு பல்பு போனால், நிலையத்திலிருந்து கடிதம், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், ஒப்பளிப்பு, பட்டியல், கருவூலம். பல்பு எரிவதற்குள் அந்தச் செவிலியர் மாற்றலாகிப் போயிருப்பார். இந்த 10,000 வந்த பிறகுதான் கதவுக்குத் தாழ்ப்பாள், தராசுக்குப் பழுது, அவசரத்துக்கு ஒரு வண்டி வாடகை என்று கையில் காசு புழங்கியது. கூட்டுக் கையெழுத்து என்பதால் தலைவரைத் தேடி அலைந்த கதையும் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், என் பணிக்காலத்தில் நான் பார்த்த திட்டங்களில் ரூபாய்க்கு ரூபாய் பலன் தந்தது அதுதான்.

இந்த நிலையில்தான் 2020 மார்ச்சில் ஊரடங்கு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வயது நான்கு மாதம். பல துறைகளுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கோப்புகள் பாதி விழுப்புரத்தில். அரசு ஆஸ்பத்திரிதான் எல்லாச் சுமையையும் தாங்கியது.

2021 ஜனவரி 16-ல் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியது. மார்ச் 1 முதல் எங்களைப் போன்ற 60 தாண்டியவர்களுக்கு. நான் முதல் வாரமே போய்ப் போட்டுக்கொண்டேன். ஒன்றியத்தில் என்னோடு 18 வருடம் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த நண்பரையும் கூப்பிட்டேன். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்களும் சுகாதாரத் துறையும் எவ்வளவோ சொன்னார்கள். நம் ஜனம் விவேக்கை வீட்டுப் பிள்ளையாக நினைத்த ஜனம். அந்த ஒரு வாரத்தில் டவுனிலேயே வரிசை மெலிந்துவிட்டது. மே 21-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கு மேல் தொற்று. என் நண்பர் அந்த மே மாதத்தில் போனார். நான்கு பேர் கூடத் தூக்க வரமுடியாத சாவு.

அந்த மே மாதத்தில் மேலே டெல்லியில் எடுத்த ஒரு முடிவையும் பதிவு செய்ய வேண்டும். மே 1 முதல் 18 வயதுக்கு மேல் அனைவருக்கும் ஊசி என்று அறிவித்து, அவர்களுக்கான மருந்தை மாநிலமே காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள். மத்திய அரசுக்கு ஒரு டோஸ் 150 ரூபாய். அதே கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300, கோவாக்சின் 400. தனியார் ஆஸ்பத்திரிக்கு 600, 1,200. ஒரே குப்பி, மூன்று விலை. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு இப்படி மூன்று விலை போட்டுப் பட்டியல் அனுப்பியிருந்தால் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருப்பார்கள். தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கேட்டது. ஒருவரும் வரவில்லை. உச்ச நீதிமன்றம் விலையைப் பற்றியும் செல்போன் பதிவைப் பற்றியும் கேள்வி கேட்டது. கடைசியில் ஜூன் 21 முதல் மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் என்று மாறியது. இந்த ஏழு வாரத்தில் போன நாட்கள், தொற்று உச்சத்தில் இருந்த நாட்கள்.

செல்போன் பதிவு என்றேனே, அது மலைக்குப் பொருந்தவே இல்லை. கோவின் தளத்தில் பெயர் பதிந்து, செல்போனுக்கு வரும் எண்ணைச் சொல்லி, நாள் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்பது இளவயதினருக்கு விதி. மலையில் பல குக்கிராமங்களில் சிக்னல் கிடைக்க ஒரு பாறையைத் தேடி ஏற வேண்டும். மே கடைசியில்தான் நேரில் வந்தும் பதியலாம் என்று தளர்த்தினார்கள்.

மலையில் பல வருடம் வேலை பார்த்த ஒரு செவிலியர் அம்மா எனக்குப் பழக்கம். என் பழைய கோப்புகளில் அவருடைய துணை நிலையமும் ஒன்று. அவரிடம் இந்தக் கட்டுரைக்காகவே உட்கார்ந்து கேட்டேன்.

"முதல் தடவை பெட்டியோட போனப்ப ஊர்ல ஒருத்தர் இல்லை சார். கதவு சாத்தியிருக்கு. அடுப்புல சோறு கொதிக்குது. நாய் மட்டும் நிக்குது" என்றார்.

"அப்புறம்?"

"அடுத்த தடவை பெட்டியை வண்டியிலேயே வச்சிட்டேன். சும்மா பிரஷர் பார்த்தேன், சுகர் பார்த்தேன், கைப்புள்ளைக்கு எடை போட்டேன். ஊசியைப் பத்தியே பேசலை. மூணாவது தடவை ஒரு பாட்டிதான் கேட்டாங்க, 'எங்கம்மா உன் ஊசி, எடுத்தியாந்தியா?'ன்னு. அந்தப் பாட்டியோட பேரன் என் கையில பொறந்தவன்."

அந்தப் பாட்டிக்குப் போட்டதும் மருமகள் வந்தாளாம், மருமகளைப் பார்த்து அவள் அண்ணன் வந்தானாம். அந்த மருமகள் பயத்தில் கையை இழுத்துக்கொண்டபோது, "உன் புள்ளைக்கு முத்தடுப்பு ஊசி போட்டது யாரு, நான்தானே?" என்று கேட்டிருக்கிறார். வேறு பிரசாரம் எதுவும் அந்த ஊரில் நடக்கவில்லை. நம் மாநிலத்தில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பகுதிகளில்தான் உண்டு. அந்த ஊர்ப் பெண்ணே ஆஷாவாக இருந்ததால், யார் காட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள், யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கணக்குத் தெரிந்தது.

இதில் ஒரு கணக்குச் சிக்கல். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஒரு குக்கிராமத்தில் சம்மதித்தவர்கள் ஆறு பேர் என்றால் என்ன செய்வது? திறந்தால் நான்கு வீண், வீணானதற்கு விளக்கம் எழுத வேண்டும். திறக்காவிட்டால் ஆறு பேரும் அடுத்த வாரம் மனம் மாறியிருப்பார்கள். செவிலியர் அம்மா திறந்துவிடுவாராம். மீதி நான்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட்டம். அதற்கு வண்டி வேண்டும். கைதேர்ந்தவர்கள் ஒரு குப்பியில் 11-ம் எடுப்பார்கள், குப்பியில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றியிருப்பதால்.

வண்டிதான் விஷயம். பேரிடர்க்குப் பணம் வராமல் இல்லை. 2020-ல் மத்திய அரசின் அவசர கோவிட் நிதி 15,000 கோடி, 2021 ஜூலையில் இரண்டாவது தவணை 23,000 கோடிக்கு மேல். 2021-22 பட்ஜெட்டில் தடுப்பூசிக்கு மட்டும் 35,000 கோடி. முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். இவ்வளவும் மருந்தாக, படுக்கையாக, ஆக்சிஜன் தொட்டியாக வந்தது, வரவேண்டியதுதான். ஆனால் ஜீப் நிற்கிற இடத்திலிருந்து குக்கிராமம் வரைக்கும் உள்ள கடைசி ஐந்தாறு கிலோமீட்டருக்குத் தலைப்பு எப்போதும் சின்னது. டீசல், ஓட்டுநர் படி, கூட வருகிற பையன்களுக்குச் சாப்பாடு. எங்கள் ஓய்வூதியர் நண்பர்கள் சிலர் அந்த ஜூலையில் ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒரு வண்டியை மாத வாடகைக்கு அமர்த்தினோம். பெரிய தர்மம் ஒன்றும் இல்லை, ஒரு மாதத்து அகவிலைப்படி. கூடவே பிஸ்கட், குளுக்கோஸ், ஊசி போட்ட இடத்தில் அரைமணி நேரம் உட்கார ஒரு சாமியானா. மற்ற இடங்களில் வேறு விதமாகச் செய்தார்கள். கோவளம் மீனவர் குப்பத்தில் ஊசி போட்டால் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு, ஸ்கூட்டர் என்று கேள்விப்பட்டுச் சிரித்தோம். நீலகிரியில் அந்த ஜூன் மாதத்திலேயே பழங்குடிக் கிராமங்களில் எல்லாப் பெரியவர்களுக்கும் முதல் ஊசி போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது சிரிப்பு நின்று பொறாமை வந்தது.

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க மெகா முகாம். 40,000 இடங்கள். 20 லட்சம் பேர் இலக்கு. 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். கருணாபுரம் பக்கம் அன்றைக்குக் காலையிலேயே ஒலிபெருக்கி. கூலி வேலைக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். வார நாளில் அவர்களால் வரவே முடியாது. அரை நாள் கூலி போனால் அன்று அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை வைத்தவர் யாரோ அவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. நான் நாற்காலி போட்டு டோக்கன் எழுதிக் கொடுத்தேன், பழைய கைவாகு. ஒரு பெரியவர் டோக்கனை வாங்கிக்கொண்டு, "இதுக்குப் பணம் கட்டணுமா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் ஏழு மாதமாக அவர் வராமல் இருந்திருக்கிறார் போல.

2022 ஜனவரி 12-ல் சிறுவங்கூரில் கட்டிய கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, அன்றைக்கு மாநிலத்தில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்றாக. நம் மாவட்டத்துக்குக் கல்லூரி ஆஸ்பத்திரி வரும் என்று என் பணிக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2024 ஜூன் 19-ல் கருணாபுரத்திலிருந்து ஆட்டோவிலும் ஆம்புலன்சிலும் கொண்டுபோன இடம் அதுதான். இடம் போதாமல் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று அனுப்பினார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. டோக்கன் எழுதிய வரிசையில் நின்ற முகங்கள் அதில் எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்க முயலவில்லை.

அதற்கு அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றி வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, வைத்தியம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அதிகாரிகள் மலை ஏறினார்கள். அந்த வாரம் வெள்ளிமலைச் சாலையில் அரசு வண்டிகள் வரிசையாகப் போனதைப் பார்த்து டீக்கடைக்காரர், "இந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு கார் வந்து நான் பார்த்ததில்லை" என்றார். சாவு விழுந்தால் கார் வரும், கொள்ளைநோய் வந்தால் கோடி வரும். டேனிடா காலத்துக் கட்டடத்தில் மழை ஒழுகுவதற்கு மட்டும் மதிப்பீடு போட்டு, ஒப்பளிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

செவிலியர் அம்மாவிடம் 2021-ல் அவர் கையால் எழுதி வைத்திருந்த பேரேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தேன். கணினியில் ஏறியது வேறு. இது அவர் தனக்காக ஊர் ஊராக, வீடு வீடாக எழுதியது. முதல் ஊசி, இரண்டாம் ஊசி என்று இரண்டு கட்டம். முதல் கட்டம் பெரும்பாலும் நிறைந்திருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் பல இடம் காலி. அந்த மே மாதத்தில் கோவிஷீல்டுக்கு இரண்டு ஊசிக்கும் இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டிவிட்டார்கள். அதற்குள் ஆண்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். காலியான கட்டங்களில் பென்சிலால் 'குடகு', 'குடகு', 'மிளகு வேலை' என்று எழுதியிருக்கிறார். திரும்பி வந்தபோது அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுத் தேதி போட்டிருக்கிறார். சில பென்சில் எழுத்துகள் அழியாமலே இருக்கின்றன.

இந்தப் பேரேட்டை எங்காவது ஆவணமாக வைக்க வேண்டும் என்று சொன்னேன். "அதுக்கென்ன சார், சென்டர் பீரோவுலதான் வச்சிருக்கேன். ஒழுகுற பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்றார். அன்றைக்குப் புதன்கிழமை. வாசலில் ஆறு கைக்குழந்தைகள் காத்திருந்தன, நான் எழுந்து வந்துவிட்டேன்.